விசாகக் கச்சேரிக்கு முன் மூன்று வாரங்கள்

2024ஆம் ஆண்டின் வைகாசி விசாகம் மே 22 அன்று வந்தது. அன்று மாலை வேலூருக்கு அருகில் உள்ள ஒரு முருகன் கோயில் மண்டபத்தில் ஒன்றரை மணி நேரம் தனியாக வீணை வாசிக்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. பதினொரு வயதில் தொடங்கி, திருமணத்துக்குப் பின் பதினான்கு ஆண்டுகள் உறையோடு மூலையில் சாய்த்து வைத்துவிட்டு, நாற்பதைக் கடந்த பிறகு மீண்டும் வீணையைக் கையில் எடுத்தவள் நான். என்னைப் போலத் தாமதமாக மேடை ஏறுபவர்களுக்கு, பாடம் கற்பது எப்படி என்று சொல்ல ஆசிரியர்கள் இருக்கிறார்கள். கற்ற பாடத்தைக் கச்சேரி நாள் வரைக்கும் சிந்தாமல் கொண்டு சேர்ப்பது எப்படி என்பதைத்தான் யாரும் தனியாக உட்கார வைத்துச் சொல்வதில்லை. அந்த மூன்று வாரங்களில் நான் செய்தவற்றையும், செய்திருக்கக் கூடாதவற்றையும் இங்கே எழுதுகிறேன்.

இதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன் ஒரு நவராத்திரியில் எனக்கு அரை மணி நேரம் கொடுத்திருந்தார்கள். முந்தைய இரவு ஐந்து மணி நேரம் விடாமல் சாதகம் செய்தேன். விடிந்து பார்த்தால் இடக்கை ஆள்காட்டி விரலின் காய்ப்பு தந்தித் தடத்தின் வழியே பிளந்திருந்தது. மேடையில் சரணத்தின் நடுவில் கை நின்றுவிட்டது; பல்லவிக்கு ஓடிப்போய் ஒளிந்துகொண்டேன். கேட்டவர்கள் அன்பாகத்தான் பேசினார்கள் என்றாலும், பயிற்சி போதவில்லை என்று நானே முடிவு கட்டிக்கொண்டு அடுத்த பல மாதங்கள் சாதக நேரத்தைக் கூட்டினேன். அந்த முடிவு தவறு என்பது இந்த முறைதான் புரிந்தது.

புரிய வைத்தவர் எங்கள் சத்துவாச்சாரித் தெருவில் பால் ஊற்றும் அம்மா. நான் விடியற்காலையில் வாசிக்கும் நேரமும் அவர் வரும் நேரமும் ஒன்று. கச்சேரிக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஒரு நாள், பாத்திரத்தில் பாலை ஊற்றிக்கொண்டே, "இன்னாம்மா, தெனமும் அந்த ஒரே எடத்துல போய் முட்டிக்கினு திரும்புறே? வண்டி மேடு ஏறலியா?" என்று கேட்டார். அவருக்குக் காம்போதி ராகமும் தெரியாது, ஆதி தாளமும் தெரியாது. ஆனால் ஒரு வரி வந்து வந்து அறுபடுவது காதில் விழுந்திருக்கிறது. அன்று மாலை காட்பாடி காந்தி நகரில் இருக்கும் என் ஆசிரியையிடம் இதைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. "அந்தம்மா சொல்றது சரி. நீ தப்பு வந்தா நின்னு திரும்பறதைத்தான் ரெண்டு மாசமா சாதகம் பண்ணிருக்கே. இனிமே கத்துக்காதே, கச்சேரி பண்ணிப் பழகு" என்றார்.

அடுத்து வந்த எல்லா மாற்றங்களும் இந்த ஒரு பேச்சிலிருந்து கிளைத்தவைதான். வீட்டுச் சாதகத்தில் பிழை வந்ததும் நிறுத்தி, வரியின் தொடக்கத்துக்குப் போய் மீண்டும் வாசிப்பது கற்கும் காலத்துக்குத் தேவையான பழக்கம். ஆனால் கை அதையே ஒரு பாடமாக எடுத்துக்கொண்டு, மேடையிலும் பிழை வந்த கணத்தில் நின்றுவிடும். எனவே நாளின் சாதகத்தை இரண்டாக வெட்டிக்கொண்டேன். காலையில் நிறுத்தலாம், திருத்தலாம், பத்து முறை திரும்பலாம். மாலையில் எது நடந்தாலும் நிறுத்தக் கூடாது. ஸ்வரம் பிசகினாலும், மீட்டு தவறினாலும், வரியே மறந்துபோனாலும், தாளத்தை விடாமல் அடுத்த ஆவர்த்தனத்தில் (தாளத்தின் அடுத்த முழுச் சுற்றில்) ஏதாவது ஓரிடத்தில் கால் ஊன்றித் தொடர வேண்டும். முதல் நான்கு நாட்கள் மாலைச் சாதகம் கேட்கச் சகிக்கவில்லை. பிறகு, விழுந்த இடத்திலிருந்து எழுவதும் ஒரு கைத்திறன் என்பதும், அதையும் சாதகம் செய்துதான் பெற முடியும் என்பதும் விளங்கியது.

எழுந்து நிற்க வேண்டுமானால், எங்கே காலை ஊன்றுவது என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். நான் முட்டிக்கொண்ட இடத்தை ஆராய்ந்தபோது காரணம் எளிதாக அகப்பட்டது. பல கிருதிகளில் (பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று அமைந்த பாடல்களில்) அனுபல்லவியின் மெட்டே சரணத்தின் பின்பாதியிலும் வரும். முக்கியக் கிருதியாக நான் எடுத்துக்கொண்ட காம்போதியிலும் அப்படித்தான். ஒரே மெட்டில் இரண்டு பாதைகள் பிரியும் சந்திப்பில், மனம் சற்றே அயர்ந்தாலும் கை பழகிய வழியிலேயே போய்விடும். வரிகளை முழுமையாகத் திரும்பத் திரும்ப வாசித்ததால் வரிகள் உறுதிப்பட்டனவே தவிர, ஒரு வரியிலிருந்து அடுத்த வரிக்குப் போகும் மூட்டுகள் உறுதிப்படவில்லை. எனவே ஒரு வாரம் மூட்டுகளை மட்டும் வாசித்தேன்: ஒரு சங்கதியின் (ஒரே வரியை மெருகேற்றி வாசிக்கும் ஒரு வடிவத்தின்) கடைசி அரை ஆவர்த்தனம், அடுத்ததன் முதல் அரை ஆவர்த்தனம், அவ்வளவுதான்.

அதோடு, எல்லாப் பாடல்களிலும் சேர்த்து முப்பத்திரண்டு இடங்களைக் குறித்து, ஒவ்வொன்றையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, ஒரு எவர்சில்வர் டம்ளரில் போட்டு வைத்தேன். பள்ளி விடுமுறையில் இருந்த என் மகள் குலுக்கி ஒன்றை எடுப்பாள். "வர்ணம், இரண்டாவது எத்துக்கட ஸ்வரம்" (சரணத்தில் வரும் ஸ்வரத் தொடர்) என்று படிப்பாள். நான் உடனே அங்கிருந்து தொடங்க வேண்டும். முதல் நாள் முப்பத்திரண்டில் பத்தொன்பதுதான் தேறியது. முதலிலிருந்து வாசித்தால் முழுமையாக வரும் பாடலை நடுவிலிருந்து கேட்டால் வாசிக்க முடியவில்லை என்றால், அந்தப் பாடல் கைக்குத்தான் தெரிந்திருக்கிறது, நமக்குத் தெரிந்திருக்கவில்லை என்று பொருள்.

நமக்குத் தெரிகிறதா என்று சோதிக்க, ஆசிரியை சொன்ன இன்னொரு வழி எழுதுவது. வீணையைத் தொடாமல், பாடாமல், வெள்ளைத் தாளில் கிருதியின் ஸ்வரக் குறிப்பை நினைவிலிருந்து எழுத வேண்டும். எனக்குச் சலிப்பாக இருந்தது. வீணைக்காரிக்கு எழுத்து வேலை எதற்கு என்று முனகினேன். அதற்கு அவர் வாலாஜாபேட்டையை இழுத்தார். தியாகராஜரின் நேரடிச் சீடரான வெங்கடரமண பாகவதர் பழைய வட ஆர்க்காட்டைச் சேர்ந்த வாலாஜாபேட்டையில் குடியேறி வாழ்ந்தவர். குருவின் கிருதிகளைச் சுவடிகளில் எழுதிக் காத்த அந்தக் குடும்பத்தின் சேகரிப்பு பிற்பாடு மதுரை சௌராஷ்டிர சபையில் பாதுகாக்கப்பட்டது. 2019இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்த பிறகு வாலாஜாபேட்டை ராணிப்பேட்டைப் பக்கம் போய்விட்டாலும், "நம்ம ஊர்க்காரர் எழுதி வெச்சதாலதான் பல பாட்டு இன்னிக்கு நமக்குத் தெரியுது, நீ நாலு பக்கம் எழுத அழறே" என்று அவர் உரிமையோடு கடிந்துகொண்டார். எழுதினேன். தாளில் எங்கே பேனா தயங்கியதோ, அங்கேதான் டம்ளர்ச் சீட்டும் தோற்றது, பால்காரம்மா சொன்ன இடமும் அதுவே. வாசிக்கும்போது காதும் விரலும் கைகொடுத்து மறைத்துவிடும் ஓட்டைகள் தாளில் மறைவதில்லை.

இதற்கு அடுத்த சிக்கல் நேரம். ஏழு மணிக்குச் சாமி புறப்பாடு. ஐந்தே காலுக்குத் தொடங்கி ஆறே முக்காலுக்குள் மங்களம் பாடிவிட வேண்டும் என்று கோயிலில் கறாராகச் சொல்லியிருந்தார்கள். அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் நிலைநிறுத்திய கச்சேரி முறையின்படி வர்ணம், கணபதி கிருதி, மெதுவாக நடக்கும் ஒரு விளம்ப காலக் கிருதி, விறுவிறுப்பான ஒன்று, ஆலாபனையும் (தாளமின்றி ராகத்தை விரிப்பது) தானமும் ஸ்வரமும் மிருதங்கத்தின் தனி ஆவர்த்தனமும் கொண்ட காம்போதி, கடைசியில் வள்ளிமலையைப் பாடிய திருப்புகழ் ஒன்று என்று வரிசை போட்டேன். தாளில் கூட்டினால் 84 நிமிடம். கடிகாரம் வைத்து முழுமையாக வாசித்தபோது 104 நிமிடம் ஆனது. ஆலாபனை மட்டும் பத்துக்குப் பதில் பதினேழு நிமிடம் ஓடியிருந்தது. பாடல்களுக்கு இடையில் பிரடையைத் திருகிச் சுருதி சேர்க்கும் நேரத்தை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை.

இங்கே ஒரு கருத்தைச் சற்று அழுத்தமாகவே சொல்கிறேன்: நேரம் போதவில்லை என்றால் ஒவ்வொரு பாடலிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டாதீர்கள், ஒரு பாடலை முழுமையாக எடுத்துவிடுங்கள். எல்லாவற்றிலும் ஒரு சங்கதி, ஒரு சுற்று என்று குறைத்தால், மேடையில் எதைக் குறைத்தோம் என்ற நினைப்பே ஒரு பாரமாகிவிடும். நான் மிகவும் ஆசைப்பட்டுப் பாடம் செய்த விளம்ப காலக் கிருதியைத்தான் எடுத்தேன். இரண்டு நாள் மனம் கேட்கவில்லை. ஆலாபனைக்கு நான்கு தங்குமிடங்களை மட்டும் வைத்துக்கொண்டேன்: கீழே மந்தர பஞ்சமம், பிறகு மத்திய ஷட்ஜம், அதன்பின் பஞ்சமம், உச்சியில் தார ஷட்ஜம். ஒவ்வொன்றிலும் இரண்டரை நிமிடத்துக்கு மேல் தங்குவதில்லை. அந்த நேரத்துக் கற்பனையில் வாசிக்கும் மனோதர்மத்துக்குக் கடிகாரமா என்று கேட்பவர்கள், புறப்பாட்டுக்கு மேளக்காரர்கள் வாசலில் வந்து நிற்கும்போது ஆலாபனை செய்து பார்க்கட்டும்.

வீணைக்காரர்களுக்கு வேலூர்க் கத்திரி வெயில் தனியாக ஒரு பாடம் நடத்தும். மே 4 அன்று கத்திரி தொடங்கியது. வீணையின் இருபத்துநான்கு மெட்டுகளும் (தந்தியை அழுத்தி வாசிக்கும் குறுக்குக் கம்பிகள்) மெழுகின் மேல்தான் நிற்கின்றன. ஆறாம் தேதி ஆசிரியை வீட்டுக்குப் போகும் வழியில், காட்பாடியில் ஒரு வேலைக்காகக் காரை வெயிலில் நிறுத்தி, வீணையைப் பின்னிருக்கையில் விட்டுவிட்டு நாற்பது நிமிடம் கழித்து வந்தேன். உறையைப் பிரித்தபோது மெழுகு வாசனை வந்தது. தார ஸ்தாயியில் மூன்று மெட்டுகள் ஒருபக்கமாகச் சாய்ந்திருந்தன. தந்தியை இழுத்துக் கமகம் பிடித்தால் மெட்டே கூட நகர்ந்தது. மேளம் கட்டும் (மெட்டுகளை மெழுகில் சரியான ஸ்வர இடங்களில் பதிக்கும்) கைவினைஞர் சென்னையிலிருந்து வந்து சரிசெய்து கொடுக்கும் வரை நான்கு நாட்கள் போயின. நல்ல வேளையாக அது கடைசி வாரத்தில் நடக்கவில்லை. புதிதாக மேளம் கட்டிய வீணையில் ஸ்வர இடங்கள் விரலுக்கு மயிரிழை அளவு வேறாகத் தோன்றும். அதற்குக் கை பழக ஒரு வாரமாவது ஆகும். ஆகவே, மேளம் கட்ட வேண்டுமென்றால் கச்சேரிக்கு ஒரு மாதம் முன்பே கட்டிவிடுங்கள். தந்தி மாற்ற வேண்டுமென்றால் ஒரு வாரம் முன்பு மாற்றுங்கள், புதுத் தந்தி இழுபட்டு நிலைக்கச் சில நாட்கள் பிடிக்கும். கச்சேரி நாளன்று மாற்றுத் தந்திகளும் மீட்டும் விரலில் அணியும் நெளியும் ஒரு பெட்டியில் உடன் இருக்கட்டும்.

மிருதங்க வித்வானோடு ஒத்திகை ஒரே ஒரு நாள்தான் அமைந்தது. இரண்டு நாள் கேட்டிருக்க வேண்டும், கேட்கக் கூச்சப்பட்டேன். ஸ்வரத்தை முடித்துப் பல்லவிக்குத் திரும்ப நான் தயாரித்து வைத்திருந்த கணக்கான கோர்வை எளிமையானதுதான்: பத்து மாத்திரை கொண்ட ஒரு தொடர் மூன்று முறை, நடுவே ஒரு மாத்திரைக் கார்வை (இடைவெளி) இரண்டு முறை, ஆகக் கூட்டினால் 32. ஓர் எண்ணிக்கைக்கு நான்கு மாத்திரை வீதம் ஆதி தாளத்தின் ஓர் ஆவர்த்தனத்துக்கு அது சரியாக இருக்கும். வீட்டில் நூறு முறை வந்தது. ஒத்திகையில் அவர் பக்கத்தில் அமர்ந்து வாசித்ததும் பதற்றத்தில் தாளச் சுற்றின் முதல் அடியான சமத்திலேயே தொடங்கிவிட்டேன். பாட்டு தொடங்கும் இடமான எடுப்போ சமத்திலிருந்து அரை எண்ணிக்கை தள்ளி இருக்கிறது. சமத்தில் தொடங்கிய கோர்வை சமத்தில்தான் முடியும். பல்லவி அரை இடம் கழித்துத்தான் வரும். அந்த அரை இடம் மேடையில் ஒரு கிணறு அளவுக்கு ஆழமாக இருக்கும். அவர் பொறுமையாக, "கோர்வை உங்களுக்குத் தெரியுதும்மா. எங்க ஆரம்பிக்கணும்ங்கறதை மட்டும் பாருங்க" என்றார். அன்றிலிருந்து கோர்வையை வாசிப்பதை நிறுத்திவிட்டு, தாளம் போட்டபடி வாயால் பல்லவியின் முதல் சொல்லைச் சொல்லி, அதே இடத்தில் கோர்வையின் முதல் ஸ்வரத்தைச் சொல்லும் பயிற்சியை மட்டும் செய்தேன். சமையலறையிலும் கோட்டை அகழியை ஒட்டிய நடைப்பயிற்சியிலும் தொடையில் தாளம் போட்டுக்கொண்டு இதைச் சொல்லிக்கொண்டே போனதைப் பார்த்துச் சிலர் விலகி நடந்திருக்கிறார்கள்.

கடைசிப் பத்து நாட்களில் மூன்று முறை முழுக் கச்சேரியையும் வீட்டிலேயே நடத்தினேன். இதில் ஒரு நிபந்தனை உண்டு: முன்னதாக விரல் பழக்கிக்கொள்ளக் கூடாது. மேடையில் நாம் அரை மணி நேரம் மைக் சரிபார்ப்பிலும் வரவேற்பிலும் சும்மா உட்கார்ந்த பிறகு, ஆறிப்போன கையோடுதான் வர்ணம் தொடங்க வேண்டியிருக்கும். அந்த முதல் வாசிப்பைத்தான் பழக வேண்டும். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வாசித்ததில், வீணையின் குடம் பட்டில் வழுக்குகிறது என்பது தெரிந்தது. கச்சேரிக்கு ஆரணிப் பட்டை விட்டுவிட்டு, சற்றே சொரசொரப்பான பருத்திப் புடவைக்கு மாறினேன். ஒன்றரை மணி நேரம் சம்மணமிட்டு அமர்ந்ததில் இடது கால் மரத்தது. விரிப்பின் கீழ் ஒரு மடிப்புப் போர்வை வைத்ததும் அது தீர்ந்தது. குக்கர் விசில், கதவு மணி, எதிர்வீட்டு மாமாவின் செய்தி எதையும் நிறுத்தச் சொல்லவில்லை. கோயில் மண்டபத்தில் மணி அடிக்கும், குழந்தை அழும், சுண்டல் வரும். மூன்று முறையும் கைப்பேசியில் பதிவு செய்து, அன்றே கேட்காமல் மறுநாள் காலையில்தான் கேட்டேன். வாசித்த சூட்டோடு கேட்டால் நம் பிழைகளே பூதாகாரமாகத் தெரியும்.

கடைசி வாரத்தில் சாதகத்தைக் குறைப்பதுதான் எனக்கு மிகவும் கடினமாக இருந்தது. இரண்டரை மணி நேரம், பிறகு இரண்டு, ஒன்றரை, கச்சேரிக்கு முந்தைய நாள் நாற்பது நிமிடம் என்று இறங்கினேன். அந்த நாற்பது நிமிடமும் மிக மெதுவாக, பாதி வேகத்தில், மூட்டுகளை மட்டும் தொட்டுப் பார்த்தேன். புதுச் சங்கதி எதையும் சேர்க்கவில்லை. ஆசிரியையே ஒரு நயமான பிடியைச் சொன்னபோதும், "அடுத்த கச்சேரிக்கு வெச்சுக்கறேன் டீச்சர்" என்றேன். இரவில் காய்ப்பின் மேல் லேசாகத் தேங்காய் எண்ணெய் தடவினேன். முன்பு பிளந்த அதே விரல் இந்த முறை வழவழப்பாக இருந்தது.

கச்சேரி நாளில் நான்கு மணிக்கே போய், உறையைப் பிரித்து, வீணையை மண்டபத்தின் சூட்டுக்கு விட்டுவிட்டேன். குளிர்ந்த அறையிலிருந்து வந்த தந்தி சூட்டில் தளர்ந்து சுருதி இறங்கும், மிருதங்கத் தோலோ சூட்டில் ஏறும். இரண்டும் எதிரெதிராகப் போவதால், மேடை விளக்குகளைப் போட்ட பிறகுதான் மூன்று கட்டைச் சுருதிக்கு இருவரும் சேர்ந்து கூட்டினோம். காம்போதியில் பால்காரம்மா சொன்ன இடத்துக்கு நான்கு வரி முன்னாலேயே நினைப்பு அங்கே போய்விட்டது. அந்த மூட்டு நன்றாகவே வந்தது. பிசகியது யாரும் எதிர்பாராத இடத்தில், கணபதி கிருதியின் எளிமையான ஸ்வரத்தில். ஒரு கணம் கை காற்றில் நின்றது. தாளத் தந்தியைச் சுண்டுவிரலால் மீட்டிக்கொண்டே அடுத்த ஆவர்த்தனம் வரை காத்திருந்து, சமத்தில் இறங்கிக்கொண்டேன். மிருதங்கக்காரர் நிமிர்ந்து பார்த்துத் தலையசைத்தார். ஆறு மணி நாற்பத்துநான்குக்கு மங்களம் முடிந்தது.

பதிவை மூன்று நாள் கழித்துக் கேட்டேன். உலகமே கவனித்தது என்று நான் நினைத்த அந்தப் பிசகு இரண்டு நொடிகூட இல்லை. ஆனால் மேடையில் எனக்குச் சிறிதும் உறைக்காத ஒன்று பதிவில் தெளிவாகக் கேட்டது: வர்ணத்தை வழக்கத்தைவிட வெகு வேகமாக எடுத்திருக்கிறேன்; சரண ஸ்வரங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன. படபடப்பு நெஞ்சில் இருந்தபோது அந்த வேகம் எனக்கு இயல்பாகப் பட்டிருக்கிறது. ஆசிரியை கேட்டுவிட்டு, வர்ணத்தின் மிகக் கடினமான வரியை முதலில் மனத்துக்குள் ஓட்டிப் பார்த்து, அது எந்த நடையில் நிதானமாக வருகிறதோ அந்த நடையில் தாளத்தைப் பிடித்த பிறகே முதல் மீட்டைப் போட வேண்டும் என்று சொன்னார். இப்போது காலையில் வீணையை எடுத்ததும், தந்தியைத் தொடுவதற்கு முன், அந்த ஒரு வரியை வாய்க்குள் இரண்டு முறை சொல்லிக்கொள்கிறேன்.